படத்தில் இல்லாத இடது கை

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
மாசி மாதம், 1963

அன்பு மகன் தனசேகரனுக்கு அம்மா சொல்ல லீலா எழுதுவது. காளியம்மன் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகம். நீ கை கால் சுகத்தோடு இருக்கிறாய் என்று உன் எழுத்தில் பார்த்தால்தான் அந்தச் சுகம் எனக்கு முழுசாகும். விடுமுறைக்கு ஆடு மேய்கிற மலையூருக்குப் போய் உன் வாத்தியார் வீட்டில் தங்கியதாக லீலா வாசித்துக் காட்டினாள், கேட்டு நெஞ்சு குளிர்ந்தது, தண்ணீர்ப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் போன உன் புத்திக்கு நான் எந்தச் சாமிக்கு நன்றி சொல்வேன். சித்திரை பிறந்தால் உன் ஜாதகத்தில் இருக்கிற தண்ணீர்க் கண்டம் கழிகிறது, அதுவரை ஆறு, குளம், கடல் எதுவும் வேண்டாம். இங்கே தையல் வேலைக்குக் குறைவில்லை, பொங்கலுக்குத் தைத்த ரவிக்கைகளுக்கே இன்னும் ஆட்கள் வந்து அளவு சரியில்லை என்று சண்டை போடுகிறார்கள். பக்கத்து வீட்டு நூருன்னிசா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். ராசா, உன் இடது கை எப்படி இருக்கிறது என்று எழுது, காலேஜ் பட்டறையில் மிஷின் பக்கம் நிற்கும்போது கவனம். உன் உடம்பில் எது இருந்தாலும் எது இல்லாவிட்டாலும் நீ என் பிள்ளைதான், அம்மாவிடம் மறைக்க வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணா, அம்மா சொன்னது இவ்வளவுதான். இனி வருவதை நானே எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள், அடுப்படியில் மண்ணெண்ணெய் விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன், அவள் புரண்டு படுத்தால்கூட எனக்குப் பேனா நின்றுவிடுகிறது. இடது கையைப் பற்றி அம்மா ஏன் அப்படிச் சொல்லச் சொன்னாள் என்று உனக்குப் புரிந்திருக்காது. அது என் வேலை. டார்க்கி என்ற அந்தக் கடலோர ஊரைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை அம்மாவுக்கு வாசிக்காதே என்று சொல்லியிருந்தாய், நானும் வாசிக்கவில்லை. அந்த ஊரில் யாரும் செருப்புப் போடுவதில்லை, அலை நன்றாக எழும்பினால் கடைக்காரர் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு அலைமேல் சறுக்குகிற பலகையோடு கடலுக்குப் போய்விடுவார், சாமான் வேண்டியவர்கள் அவர் வரும்வரை வெயிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், நீயும் பலகைமேல் எழுந்து நிற்கப் பழகி விழுந்து விழுந்து உப்புத் தண்ணீர் குடித்தாய் என்றெல்லாம் எழுதியிருந்தாயே, அதை நான் மட்டும் பலமுறை படித்தேன். அம்மா என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டபோது வாயில் வந்த மலையையும் ஆட்டையும் சொல்லிவிட்டேன். அவள் தெரு முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

ஆனால் அந்தக் கடிதத்தோடு நீ அனுப்பிய படத்தை என்ன செய்வது? சட்டையில்லாமல் நீ நிற்கிறாய், பின்னால் கடல், இடது கையில் அணைத்தபடி அந்தப் பலகை. அம்மாவின் தையல் கத்தரிக்கோலை எடுத்துக் கடலையும் பலகையையும் வெட்டினேன். பலகையோடு உன் கையும் போய்விட்டது, தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை. அம்மா முதலில் அதைக் கவனிக்கவில்லை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நிற்கிறான் என்று சொல்லிப் படத்துக்கு முத்தம் கொடுத்தாள். சாமி மாடத்தில் வைக்கச் சட்டம் போட வேண்டுமென்று பஃபலோ ரோட்டில் இருக்கிற ரவூப் கடைக்கு எடுத்துப் போனாள். அவர் சும்மா இருக்காமல், என்னம்மா, தம்பிக்கு எடது கையக் காணோம், நல்ல படக்காரன்னா ரெண்டு கையும் விழற மாதிரி எடுப்பான்லா என்று சிரித்தாராம். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னை எதிரில் உட்கார வைத்து, நெசமாச் சொல்லு, அவன் கையைப் பத்தி எழுதினத எங்கிட்ட மறைச்சியா என்று கேட்டாள். கையைப் பற்றி எதையும் மறைக்கவில்லை என்றேன். அது பொய்யில்லை, ஆனாலும் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பட்டறை மிஷினில் உன் கை போய்விட்டது, அதை மறைத்துத்தான் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். உன் கண்டம் கழிய வேண்டுமென்று சனிக்கிழமை மட்டும் உப்பில்லாமல் சாப்பிட்டவள், அன்றிலிருந்து தினமும் உப்பைத் தொடுவதில்லை. நேற்று தேக்கா மார்க்கெட்டில் மீன்கடைக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். நூருன்னிசா அக்காதான் டிரைஷா வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்தார். ஒங்கம்மா ஒப்பே திங்கலையாம்லா, அந்த ஒடம்பு என்னத்துக்கு ஆகும், நீயாச்சும் சொல்லக்கூடாதா என்று என்னிடம்தான் கோபப்பட்டார். நான் சொல்ல வேண்டியது வேறு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வெட்டிய துண்டு என் பூகோளப் புத்தகத்துக்குள் இருக்கிறது. உன் கை அதில் பத்திரமாக இருக்கிறது, விரல்கள் பலகையைப் பிடித்திருக்கின்றன. எந்தக் கடிதமானாலும் ஒட்டுவதற்கு முன் முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்பது அம்மாவின் வழக்கம், உனக்குத் தெரியும். காலையில் அவள் எதிரே உட்கார்ந்து இதையும் ஒரு வரி விடாமல் வாசிக்கப் போகிறேன், துண்டையும் அவள் கையில் கொடுப்பேன். அடிப்பாளோ, அழுவாளோ, பயமாக இருக்கிறது. உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை, என்னை மன்னித்துவிடு. அம்மா என்ன சொல்கிறாள் என்று எழுதக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

தனசேகரா, இவள் வாசித்தாள், கேட்டேன். துண்டைப் படத்தோடு ஒட்ட வைத்துப் பார்த்தேன், கை இருக்கிறது. இவளை அடிக்கவில்லை, நீ சொல்லித்தான் செய்திருக்கிறாள். காலையில் கஞ்சிக்கு உப்புப் போட்டுக் குடித்தேன். ரவூபிடம் சொல்லிக் கடலும் பலகையும் சேர்த்தே சட்டம் போடப் போகிறேன், சாமியும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். உன்னைப் போகாதே என்று இனி சொல்லமாட்டேன். சித்திரைவரை நீ கடலில் இறங்குகிற நாளெல்லாம் எனக்குச் சோற்றில் உப்பு இல்லை. எந்தெந்த நாள் என்று மறைக்காமல் லீலாவுக்கு எழுது. நல்லா இரு, தலையை ஈரம் போகத் துவட்டு.

உன் அம்மா
பூவம்மா