பாதியில் திரும்பி வரும் சைடர்

ஒக்டோபர் 16, வியாழன்

மதுச்சாலையில் கிளாஸ் கழுவத் தொடங்கி ஆறு வருடத்தில் இன்றுதான் அங்கே ஒரு மேசைக்கு முன் உட்கார்ந்தேன். திறப்பதற்கு முன், முதலாளி மார்க்குஸ் மூன்று உள்ளூர் பியரும், தன் தோட்டத்து அப்பிளில் தானே செய்த சைடரும் ஊற்றித் தந்து, வேலை செய்யும் எல்லோரிடமும் கருத்துக் கேட்டார். மற்றவர்கள் சைடரைப் புகழ்ந்தார்கள். எனக்கு ஒரு வாயிலேயே பல் கூசியது.

"இது எப்போதும் பாதிக் கிளாஸோடுதான் திரும்பி வரும். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றுவது நான்தானே" என்று எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் சொன்னேன்.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை."

அவர் தன் கிளாஸை மெதுவாகக் குடித்து முடித்தார். எழுந்துபோய்க் கரும்பலகையில் சைடரின் பெயரை அழித்தார். பிறகு மாலை முழுவதும் என்னோடு பேசவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"உமக்கேன் தேவையில்லாத கதை? வேலை போனா என்ன செய்யிறது?"

"பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?"

"பேசாம இருந்திருக்கலாமெல்லோ" என்றுவிட்டுப் படுத்துவிட்டார்.

இதை எழுதும்போது மார்க்குஸிடமிருந்து செய்தி வந்தது. "நாளை கொஞ்சம் முந்தி வாருங்கள். இன்னொரு சைடர் பீப்பாய் திறக்கிறேன். முதலில் நீங்கள் குடித்துப் பாருங்கள்."

இவரை எழுப்பவில்லை. காலையில் சொல்லலாம்.