ஏழு இறக்கை, மூன்று பொட்டு

உன் ஸ்க்ரூடிரைவர் இன்னும் என் சமையலறை இழுப்பறையில்தான் கிடக்கிறது. மஞ்சள் பிடி, நுனியில் காந்தம். எடுத்துக்கொண்டு போ என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "கெடக்கட்டும்டி, கரண்டியோட கரண்டியா" என்பாய். நீ இறந்துபோன இந்த இரண்டு ஆண்டுகளில் அது கையில் தட்டுப்படும்போதெல்லாம் எரிச்சலோடு ஒதுக்கித் தள்ளியிருக்கிறேன். போன சனிக்கிழமை மதியம், அதையே தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

எல்லாம் நாம் இருவரும் சேர்ந்து பொருத்திய அந்தக் கணினியால்தான். ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பாகமாக நீ வாங்கினாய். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். கல்லூரியின் கணினி ஆய்வகம் உன் பொறுப்பில் இருந்தது. புள்ளியியல் வகுப்புகள் என்னுடையவை. திருமுல்லைவாயில் அடுக்ககத்தில் உனக்கு மூன்றாம் மாடி, எனக்கு இரண்டாவது. உன் வீட்டு ஹாலில் செய்திருக்க வேண்டிய வேலையை என் சாப்பாட்டு மேசையில் செய்தாய்.

அந்தக் கணினி இப்போது பத்து நாட்களாகக் கத்துகிறது. முதலில் காலையில் மட்டும் ஒரு முனகல். பிறகு கடகடப்பு. கடைசியில் நாள் முழுக்க கிரைண்டர். பக்கவாட்டில் ஓங்கித் தட்டினால் இரண்டு நிமிடம் அடங்கும். தட்டிச் சரிசெய்கிற ஆட்களைப் பார்த்தாலே எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். தட்டினேன்.

வேறு சமயமாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்காகப் பத்துப் பாடங்களைப் பதிவுசெய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஓராண்டு உட்கார்ந்து எழுதிய பாடங்கள். மைக்கும் மென்பொருளும் படங்களும் இந்தக் கணினியில்தான் இருக்கின்றன. முதல் பாடத்தை ஒருங்கிணைப்பாளர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். அப்புறம் போனில் வந்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசறப்போ பின்னாடி யாரோ மாவு அரைக்கிறாங்க. திங்கட்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா, உங்க நோட்ஸை வெச்சு வேற ஒருத்தரைப் பேச வெச்சுடறோம்."

என் வாக்கியங்களை வேறொருவர் வாயில் கேட்பதா? அம்பத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். ஐம்பது வயது இருக்கும். கணினியைப் பார்ப்பதற்கு முன்பே "பவர் சப்ளை போயிடுச்சு மேடம்" என்றார். மாற்றினார். சத்தம் அப்படியே இருந்தது.

"இன்னும் கத்துதே?" என்றேன்.

"பழைய சிஸ்டம் மேடம், சத்தம் வரத்தான் செய்யும். எனுக்கே முட்டில சத்தம் வருது. மாத்திகினா கீறேன்?"

அவரை அனுப்பிவிட்டு உன்மேல் கோபப்பட்டேன். இந்த மாதிரி நேரத்துக்கு மூன்றாம் மாடியில் இருக்கவேண்டியவள் நீ.

ஆய்வகத்தில் ஒரு மெஷின் மக்கர் செய்தபோது நான் எல்லாவற்றின்மேலும் பழி சொல்லிக்கொண்டிருந்தேன்: மின்சாரம், கம்பெனி, மாணவர்கள், நிர்வாகம். நீ தலையைத் தூக்காமலே சொன்னாய்: "எல்லாத்தையும் சந்தேகப்படுற இல்ல, ஒவ்வொண்ணா சந்தேகப்படுடி." அப்போது எனக்குச் சுருக்கென்று இருந்தது. சனிக்கிழமை அதைத்தான் செய்தேன். நான்கு திருகுகளைக் கழற்றிப் பக்கத்து மூடியை எடுத்தேன். உள்ளே மூன்று ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ரப்பர் வைத்த பென்சிலால் ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்ல அழுத்தி ஒரு நொடி நிறுத்தினேன். பிராசசர் ஃபேன் நின்றது, சத்தம் நிற்கவில்லை. புதிய பவர் சப்ளையின் ஃபேன் வலைக்குள் இருந்தது. அது வருவதற்கு முன்பே சத்தம் இருந்ததால் அதை விட்டுவிட்டேன். பின்பக்கத்து கேபினட் ஃபேனைத் தொட்டேன். வீடே அமைதியானது. ஆவடி பக்கம் போகிற ரயில்கூடக் கேட்டது.

மின்சாரத்தை அணைத்து, அந்த ஃபேனைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோனேன். கம்பளி போலத் தூசி. அதை ஊதியதும் தெரிந்தது: ஏழு இறக்கைகளில் மூன்றில், அதுவும் அடுத்தடுத்த மூன்றில், காய்ந்து கெட்டித்துப்போன சந்தனம். கேபினட்டின் அடியில் தேடினேன். நான்கு மஞ்சள் பொருக்குகள் கிடந்தன.

ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜையன்று கிண்ணமும் கையுமாக இறங்கி வருவாய். நான் கதவைப் பாதிதான் திறப்பேன்.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லைன்னு தெரியுமில்ல?"

"உனக்கு இல்லன்னா போ. மெஷினு இன்னா பாவம் பண்ணுச்சு?"

உள்ளே வந்து மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, போன ஆண்டுச் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்து, புதிதாக வைப்பாய். காய வேண்டுமென்று அன்று முழுவதும் கணினியைத் தொடவிடமாட்டாய். எனக்கு விடைத்தாள் மதிப்பெண்களைப் பதிவேற்ற வேண்டியிருக்கும், கத்துவேன். "வருஷத்துல ஒரு நாளு லீவு குடுடி, அதுவும் ஆவடி மெஷினு மாதிரிதான்" என்பாய். ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நீ. உன் அப்பா அந்தத் தளவாடத் தொழிற்சாலையில் லேத், அதாவது கடைசல் இயந்திரம், ஓட்டியவர். ஆயுத பூஜையன்று குடும்பங்களை உள்ளே விடுவார்களாம். அவருடைய லேத் மாலை போட்டுக்கொண்டு நிற்குமாம். சுற்றுகிற பாகத்தில் மட்டும் எதையும் வைக்கக் கூடாது என்பாராம் அவர்.

"உன் அப்பாவே சொல்லியிருக்கார். அப்புறம் ஏன் ஃபேன்ல வைக்கிற?" என்று மடக்கினேன்.

"லேத்துக்கு நெத்தி கீது, அங்க வெச்சாரு. இந்தத் தகர டப்பாவுக்கு எதுடி நெத்தி? இங்க பாரு, ஏழு இறக்கை. ஏழு கன்னிமாரு. ஒருத்திக்கு ஒரே அளவு பொட்டு. ஒருத்திக்குக் கூடப் போச்சுன்னா மத்தவளுங்க ஆட்டம் போடுவாளுங்க."

எடைச் சமநிலை உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கன்னிமார்களை இழுப்பாய்.

ஈரப் பஞ்சால் மூன்று இறக்கைகளையும் துடைத்தேன். பிறகு ஏழையும் துடைத்தேன். நடுவில், சுழலாத புள்ளியாகத் தோன்றும் அந்த மையத்தில், நீ வைத்த குங்குமம் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டேன். மையத்தில் இருக்கும் எடை ஆட்டம் தராது. இது இயற்பியல். வேறு எதையும் கற்பனை செய்துகொள்ளாதே.

மாட்டி ஓடவிட்டேன். லேசான இரைச்சல் மட்டும். மைக்குக்கு எட்டாத இரைச்சல். ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து முதல் பாடத்தைப் பதிவுசெய்தேன். அதில் ஓர் இடம் வரும்: "ஒன்றை அடுத்து இன்னொன்று நடந்ததாலேயே, முன்னதுதான் பின்னதற்குக் காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது." எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவரும் வாக்கியம். நாக்குக் குழறியது. நிறுத்திவிட்டு மறுபடி பேசினேன். மறுபடி குழறியது. மூன்றாவது முறை வாசித்து முடித்து அனுப்பினேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. "இப்ப சூப்பர் மேடம். மீதி ஒன்பதும் நீங்களே பேசிடுங்க."

வேலை கைவிட்டுப் போகவில்லை. சண்டைதான் முடியவில்லை. நீ சந்தனம் வைத்தாய், அதனால்தான் இந்த அவதி என்று நான் ஆரம்பிக்கிறேன். "நான் வெச்சிகினு இருந்த வரைக்கும் சத்தம் வந்துச்சா? ரெண்டு வருஷம் விட்ட, வந்துச்சு" என்கிறாய். முதலிலிருந்தே வைக்காமல் இருந்திருந்தால் உதிர்வதற்கு எதுவுமே இருந்திருக்காதே என்கிறேன். "அப்போ அந்த மூடிய என்னிக்குடி கழட்டித் தூசி தட்டியிருப்ப நீ?" என்கிறாய்.

உண்மைதான். ஒருநாளும் தட்டியிருக்க மாட்டேன். அதை நீ நேரில் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்கவும் மாட்டேன். இப்போது இரண்டு பக்கத்துக்கும் நானே பேச வேண்டியிருக்கிறது. கொடுமை என்னவென்றால், உன் பக்கத்தைத்தான் நன்றாகப் பேசுகிறேன்.