கல்வட்டத்துக்கு ஒரு கனவு

இன்று காலை ஸ்கூட்டர் பெட்டியில் ஸ்பேனரைத் தேடும்போது ஒரு மஞ்சள் தூள் பொட்டலம் கைக்கு வந்தது. நீ வைத்துவிட்டுப் போனது. பிரித்ததும் தும்மல் வந்தது, கூடவே சிரிப்பும்.

அச்சரப்பாக்கம் தாண்டி நம் ஊர் மேட்டை மண்ணுக்காக வெட்டிய நாட்களில், நீ ஜேசிபி ஓட்டினாய், நான் லாரி ஓட்டினேன். பாறைகள் வட்டமாக நட்டிருந்த இடம் வந்ததும் நீ நிறுத்திவிட்டாய். ஊரில் அதைப் பாண்டவர் குழி என்பார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சவக்குழி அது என்று, பார்க்க வந்த கல்லூரி டீச்சர் ஒருவர் சொன்னது உனக்கு நினைவிருந்தது. "உள்ள ஆள் படுத்துகினு கீறான் மச்சான். நான் கை வெக்க மாட்டேன்" என்றாய்.

நீ வைக்காவிட்டால் வேறொருவன் வைப்பான் என்றேன். மறுநாள் விடிந்ததும் பெரிய கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்றாய். புதிதாக வந்த டிரைவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு ஜேசிபியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

நாம் செய்த தப்பு ஆடி மாதம்தான் புரிந்தது. அந்தக் கல்லை அம்மனாக்கி ஊரே பொங்கல் பானையோடு வந்துவிட்டது. அடுத்து, சுற்றியுள்ள கற்களைப் பெயர்த்துவிட்டு அம்மனுக்கு டைல்ஸ் போட்டுக் கொட்டகை கட்டக் கூட்டம் போட்டார்கள். நீ எழுந்து, முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஆத்தா கனவுல வந்தா. வெயிலு மழை எனக்குப் பழக்கம்டா, ஒரு கல்லும் நகரக் கூடாதுன்னா" என்றாய். நான் துண்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி டைல்ஸ் பேச்சு எழுந்தது. எனக்குப் பொய் வராது, உனக்கே தெரியும். இருந்தாலும் எழுந்தேன். அம்மன் பெயரை இழுக்கத் துணிவில்லை. "அவன் கனவுல வந்தான். கல்லு மேல கை வெக்காதீங்கன்னான்" என்றேன். டைல்ஸ் பேச்சை விட்டுவிட்டுக் கூட்டம் கலைந்தது. உன் சம்சாரம் மட்டும் என்னிடம் வந்து, "அண்ணா, இன்னா சட்டை போட்டுகினு இருந்தாரு?" என்று கேட்டாள்.

நீலக் கோடு போட்டது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனாள்.

கற்கள் அப்படியே இருக்கின்றன. பொட்டலத்தை மறுபடி பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அந்த நீலக் கோடு சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் நிஜமாகவே வந்துவிட்டுப் போடா.