என்னைக் கண்டுபிடித்தவளுக்கு

எதிர்வீட்டில் எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் பெரியநாயக்கன்பாளையத்தில் நாம் விளையாடிய களம் நினைவுக்கு வந்துவிட்டது. நீ போய் ஒரு மாதம் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன். இனிப் பேச வேண்டியதைப் பேசலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள். எனக்கு ஏழெட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப்போயிருந்தது. சாயங்காலமானால் அம்மா என்னை இடுப்பில் தூக்கிவந்து களத்தில் இறக்கி, "பாத்து வெளையாடுங்க கண்ணுகளா" என்று சொல்லிவிட்டுப் போவாள். பிள்ளைகள் நல்லவர்கள்தான். என்னை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வார்கள். ஒப்புக்கு என்றால் ஆட்டத்தில் இருக்கலாம், தோற்க முடியாது. கண்ணாமூச்சியில் நான் வண்டிச் சக்கரத்தின் பின்னால் தவழ்ந்து போய் ஒளிவேன். தேடி வருகிறவள் என்னைப் பார்ப்பாள், பார்க்காததுபோல் தாண்டிப் போவாள். மனதுக்குள் எரியும். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? எல்லோரும் பிரியமாக அல்லவா இருந்தார்கள்!

உன் அப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்து நீங்கள் பவானியிலிருந்து குடிவந்த வாரம்தான் அது நடந்தது. எங்கள் ஏற்பாடு உனக்குத் தெரியாது. சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, என் பின்னலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்து, "கண்டுபோட்டேன்!" என்று கத்தினாய். மற்றவர்கள் திகைத்துப் போனார்கள்.

"அவ ஒப்புக்கு, புள்ள. கால் வராது," என்றாள் எங்களில் பெரியவள் ஒருத்தி.

"ஒளிஞ்சுட்டுத்தானே இருந்தா? அப்பறம் என்ன? அவதான் புடிக்கோணும்," என்றாய் நீ.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா ஓடிவந்தாள். "ஏனம்மணி, நடக்க மாட்டாத புள்ளைய அழ வெக்கறயே, நாயமா?" என்று உன்னைக் கேட்டாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். கொஞ்சம் விட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாய், என் கதை அதோடு முடிந்திருக்கும்.

"நான் மாட்டிக்கிட்டேனுங்கம்மா! நாந்தான் புடிக்கோணும். நீங்க ஊட்டுக்குப் போங்க!" என்று கத்தினேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள்.

நீ உடனே சட்டம் பேசினாய். நான் ஓட வேண்டாம், வண்டியடியில் உட்கார்ந்தபடி, கண்ணில் பட்டவள் பெயரைச் சொன்னால் போதும். அதற்குள் வண்டியைத் தொட்டுவிட்டால் அவள் தப்பித்தாள். அன்று ஒருத்தியையும் நான் பிடிக்கவில்லை. மில் சங்கு ஊதும்வரை தோற்றுக்கொண்டே இருந்தேன். நீ கைகொட்டிச் சிரித்தாய். அவ்வளவு சந்தோஷமாக அதற்குமுன் நான் இருந்ததில்லை.

உனக்கு வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையில் நின்றபோது, உன் மகள் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். "நீங்க உக்காருங்க பெரீம்மா. ஆரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க." நல்ல பெண். ஆனாலும் எனக்கு வந்ததே கோபம்! "என்ற தடிய எடு கண்ணு" என்றேன். பிற்பாடு தடியூன்றி நடக்கப் பழகியவள்தானே, எழுந்து வரிசையில் நின்றேன். மெதுவாகத்தான் நகர முடிந்தது. பின்னாலிருந்து ஓர் அம்மாள், "கொஞ்சம் வெரசாப் போங்களேனுங்க" என்று சலித்துக்கொண்டாள். உன் மகள் அவளை முறைத்தாள். நான் உன் மகள் கையைப் பிடித்து அடக்கினேன். வரிசையில் நின்றால் அதைக் கேட்கத்தான் வேண்டும்.

உன் வாயில் அரிசியைப் போட்டுவிட்டு வந்தேன். கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. யார் என்னை அன்பாக ஓரத்தில் உட்காரச் சொன்னாலும் அது வந்துவிடுகிறது. நீ கொடுத்த கோபம். நானும் வரும்வரை வைத்துக்கொள்கிறேன்.