அம்மா வீட்டுக்குத் தண்ணீர் வழி

அக்கா,

இன்று காலை நாராயணவனம் தாண்டியதும் கம்பெனி பஸ் நின்றுவிட்டது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, நாம் சொல்கிற மாதிரி கோடி போய், தண்ணீர் ரோட்டின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. சன்னலைத் திறந்தேன். சேறும் பாசியும் கலந்த வாசம் முகத்தில் அடித்தது. ஊர்ப் பெண்கள் வழிகிற தண்ணீரில் மஞ்சள் குங்குமம் தூவித் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. இந்தத் தண்ணீர் இத்தனை வருடம் எங்கே போயிருந்தது?

ஒரே கம்பெனி, பஸ்ஸில் ஒரே சீட்டு நமக்கு. உங்களுக்குச் சன்னலோரம் ஆகாது, குமட்டும். அதனால் ஏரியைப் பார்த்துச் சொல்கிற வேலை என்னுடையது. புத்தூரில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வீர்கள். ஏரி வரும் வளைவு எப்படித்தான் தெரியுமோ, கண்ணைத் திறக்காமலே கேட்பீர்கள்: "கோடி போச்சாடி?"

"இன்னும் இல்லக்கா" என்பேன். மறுபடி தூங்கிவிடுவீர்கள்.

நம் திட்டம் முழுக்க அந்த பஸ்ஸில் போட்டதுதான். மேல் ஏரி கோடி போனால்தான் கீழ் ஏரிக்கு வழி திறக்கும். அது நிரம்பினால் அடுத்தது. கடைசியில் ஆரணி ஆறு, ஆறு போய்ச் சேருகிற பழவேற்காட்டு ஏரி, அதன் வடகரையில் சூளூர்பேட்டைப் பக்கம் உங்கள் அம்மா வீடு. கல்யாணமாகி வந்ததிலிருந்து ரோட்டு வழியாகவே போய்வந்த உங்களுக்கு ஒரே ஆசை. "ஒரு தடவையாவது தண்ணியிலயே போவணும்டி. வாசல்ல படக நிறுத்திக்கினு, சோறு போடும்மான்னு கேக்கணும்."

காற்றடிக்கிற கயாக் ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் படகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரியில் கிடந்த முழங்கால் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். துடுப்பை என்னிடம் தள்ளிவிட்டு நீங்கள் மூங்கில் கோலோடு எழுந்து நின்றீர்கள். உங்கள் ஊரில் படகு என்றால் நின்றபடி கோல் ஊன்றித் தள்ளுவதுதானே. "உக்காந்துக்கினு போறதுக்கு இதென்ன ஆட்டோவா?" என்றீர்கள். அடுத்த நொடி இரண்டு பேரும் சேற்றில் கிடந்தோம். கரையில் எருமை கழுவிக்கொண்டிருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். மானம் போயிற்று என்று நான் முணுமுணுக்க, நீங்கள் சேலையைப் பிழிந்தபடி அவரைவிடப் பெரிதாகச் சிரித்தீர்கள்.

பிறகு மழை ஏமாற்றியது. அடுத்த வருடமும் ஏமாற்றியது. அதற்குள் உங்கள் சிறுநீரகம் கெட்டுப்போனது. திருப்பதி ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். நாக்கை நனைக்க ஒரு மூடி தண்ணீருக்காக நர்ஸிடம் கெஞ்சினீர்கள். ஏரியில் பிறந்து வளர்ந்தவர் அக்கா நீங்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்குவதில்லை.

சித்திரை வெயிலில் கடைசியாகப் பார்க்க வந்தபோதும், கண்ணை மூடியபடி அதே கேள்வியைக் கேட்டீர்கள். இன்னும் இல்லக்கா என்றேன். "வரட்டும்" என்றீர்கள். இரண்டாம் நாள், வாய்க்கரிசி போட உங்கள் அம்மாதான் பஸ் ஏறி உங்கள் வாசலுக்கு வந்தார்.

இந்த வருடம் எல்லா ஏரியும் நிரம்பிவிட்டது. படகு என் வீட்டுப் பரணில் சுருண்டு கிடக்கிறது. உங்கள் கோல் கதவு மூலையில் நிற்கிறது. வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போயேன் என்கிறார் என் வீட்டுக்காரர். போய்? அந்த வாசலில் இறங்கி, அந்த அம்மாவிடம் யார் சோறு கேட்பது?

பஸ் மெல்ல நகர்ந்தது. உங்கள் இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்: "கோடி போச்சுக்கா."

அவள் திடுக்கிட்டு விழித்து, என்னக்கா என்றாள். ஒன்றுமில்லை, தூங்கு என்றேன்.

இனி தினமும் இந்தப் பதிலைச் சுமந்துகொண்டுதான் அந்த ஏரியைத் தாண்ட வேண்டும். கேட்க நீங்கள் இல்லை. தண்ணீர் பாட்டுக்கு உங்கள் அம்மா வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.