தேத்தண்ணி நிறக் கடுவன்

நேற்றிலிருந்து காணாமல் போயிருந்த உன் பேனா இன்று காலை கிடைத்தது. மூடியில் நீ கடித்து வைத்த பல் தடங்களுக்குப் பக்கத்தில் புதிதாகச் சில தடங்கள், அரிசி மணி மாதிரிச் சின்னதாக. என் மகனுடையவை. எங்கே கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், நீ சிரிப்பாய்.

மூடியைத்தான் முதலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு சிறு துண்டு உடைந்திருந்தாலும் அது அவன் தொண்டைக்குள் போயிருக்குமே. உடையவில்லை. ஆனாலும் அவன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். விரலையும் கடித்தான். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பேனாவை மூக்கருகே கொண்டுபோனேன். முன்பெல்லாம் உன் கை பட்ட எதிலும் நீ வேலை செய்த மிருக வைத்தியசாலையின் லோஷன் வாடை இருக்கும். இப்போது பிள்ளையின் எச்சில் வாடை மட்டும்தான்.

நாம் ஒன்றாகப் படித்த கம்பஸில் கடைசிப் பரீட்சையன்று இதில் மை தீர்ந்தது. மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் என் கையில் திணித்தாய். "இந்தா, ஒன் பூனைங்களுக்கு மீச போட ஆகும்." விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் அன்றிலிருந்து நான் வரைந்த ஒவ்வொரு மீசையும் இதால் போட்டதுதான். கலர் பென்சிலில் கறுப்புக்கு மேல் வெள்ளை ஏறாது. அதனால் தாள் வெறுமையாக இருக்கும்போதே, மை இல்லாத முனையால் மீசையை அழுத்திக் கீறிவிட வேண்டும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு மேலே எத்தனை நிறம் பூசினாலும் அந்தப் பள்ளத்துக்குள் பென்சில் இறங்காது. மீசை வெள்ளையாகவே நிற்கும். அழுத்த மறந்து கறுப்பைப் பூசிவிட்டால் அந்தத் தாள் போயிற்று.

இப்போது மேசையில் இருப்பது உன் கடுவன் பூனை தொரையின் படம். அவனுக்கு அந்தப் பெயர் வைத்தது எல்கடுவைத் தோட்டத்தில் உன் லயத்து வீடுகளெல்லாம் சேர்ந்துதானாம். விடிந்ததும் வாசல் வாசலாக மெதுவாக நடந்து எல்லோரையும் பார்வையிட்டுவிட்டு, பிறகு நாளெல்லாம் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருப்பானாம். "எஸ்டேட்டு தொரையேதான்" என்பாய். அவன் படங்களை உன் போனிலிருந்து எத்தனை அனுப்பியிருப்பாய். எல்லாவற்றிலும் ஒரு கறுப்பு உருண்டை, அதில் இரண்டு மஞ்சள் புள்ளிகள். வரைந்து தரட்டுமா என்று கேட்டபோதெல்லாம் மறுத்துவிட்டாய்.

"போட்டோவ பாத்து அவன வரையாத. அவன் கறுப்பே இல்லடி. வெயில்ல வந்து பாரு, தேத்தண்ணி கலரு."

நான் வெயிலில் எதைப் பார்த்து வரைகிறேன்? மாத்தளை டவுனில், கடைத்தெருவைப் பார்த்த இந்த மேல்மாடி அறையில், கம்பி போட்ட ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, யார் யாரோ காசு கொடுத்துக் கேட்கிற, கண்ணால் காணாத நாய்களை வரைகிறேன். கீழே எங்கள் கடையின் மிளகு வாடையும் கராம்பு வாடையும் படியேறி வரும். மேலே என் தாளில் பனியில் நிற்கும் நாய், யாரோ ஒரு சீமாட்டியின் மடியில் கிடக்கும் பூனை. எல்லாம் படமாகப் போனில் வரும். பாதிக்கு மேல் செத்துப்போனவை. அவற்றின் குரைப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணில் ஒரு சொட்டு வெள்ளையை விட்டு வைத்து, சுற்றிலும் நிறம் ஏற்றி, உயிர் இருக்கிற மாதிரி செய்து அனுப்புகிறேன். மறுமுனையில் யாரோ அழுதேன் என்று எழுதுவார்கள். நான் அடுத்த நாயை எடுப்பேன். வெளியே போகாமலே செய்யக்கூடிய வேலை என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

மகன் தவழத் தொடங்கிய மாதம் நீ வந்தது ஞாபகம் இருக்கிறதா? வேலை முடிந்து, பஸ்ஸுக்கு முந்திய கொஞ்ச நேரத்தில் படியேறி வருவாயே, அப்படி ஒரு சாயங்காலம். பிள்ளையைப் பாதுகாப்பாக விடுவதற்கு வாங்கிய மரக்கம்பி வேலியை அறையின் நடுவில் வட்டமாக நிறுத்தியிருந்தேன். உள்ளே மேசை, பென்சில் பெட்டி, நான். பிள்ளை வெளியே.

வாசலிலேயே நின்றுவிட்டாய்.

"என்னடி இது? புள்ளைய உள்ள போடத்தானே இத வாங்குன?"

"உள்ள போட்டா கத்துறான்."

"அதுக்கு?"

"நான் உள்ள இருந்தா பென்சில எடுக்க மாட்டான். சீவுன தூள வாயில போட மாட்டான். கூரா எதுவும் கையில படாது."

"அடிப்பாவி! மிருகமா வரைஞ்சு வரைஞ்சு நீயே கூண்டுக்குள்ள போயிட்டியே!" பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினாய். "இந்தா, சாப்புடு. கைய கடிக்கப்படாது, ஆமா."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்புத்தானா என்று நீ ஒரு முறை உற்றுப் பார்த்தாய். பிறகு, சாதாரணமாகச் சொல்வது போல, "ஞாயித்துக்கெழம வா. தொரைய உசுரோட பாரு" என்றாய்.

"இவர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்."

"கேக்காதடி. சொல்லு."

ஹொஸ்டலிலும் இதைத்தான் சொல்வாய். ஜன்னலைத் திறக்கட்டுமா, லைட்டை அணைக்கட்டுமா, நான் கொஞ்சம் அழட்டுமா என்று எதற்கும் கேட்டுக்கொண்டே நிற்கிறவள் நான். அன்றும் கேட்டேன். "புள்ளைக்கு சளியா இருக்கே, இன்னொரு நாளைக்குப் போவோமே" என்றார் இவர். அவன் மூக்கு ஒழுகியது உண்மைதான். இந்த வீட்டில் சொல்லப்படும் காரணங்கள் எல்லாமே உண்மையானவை. போகாதே என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அந்த இன்னொரு நாள் வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று போனில் குரல் பதிந்து அனுப்பினாய். பிறகு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்றார்கள். பிறகு நீ இல்லை என்றார்கள்.

சேலையை மாற்றிக்கொண்டு படியிறங்கப் போனபோது மாமி, இவருடைய அம்மா, குறுக்கே வந்தார். கோபமாக இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"பால்குடிப் புள்ளைய வச்சுக்கிட்டு சாவு வீட்டுக்குப் போவாங்களா? அந்தக் காத்து புள்ளைக்கு ஆகாது தாயி."

அது எங்கள் இரண்டு வீட்டிலும் உள்ள வழக்கம்தான். உன் அம்மாவும் போனில் அதையே சொன்னார். "நீ வராத புள்ள. கைக்கொழந்தக்காரி. மனசுல நெனச்சுக்க." உன்னை ஏற்றிய வேன் எங்கள் கடைத்தெரு வழியாகத்தான் போனது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடுப்பில் இவன். வேனைப் பார்த்து இவன் கையாட்டினான். எந்த வண்டி போனாலும் கையாட்டுகிற வயது.

வருகிற ஞாயிறு உனக்கு வருஷத் திதி.

போன வாரம் உன் அம்மா வந்தார். மத்தியான வெயிலில் படியேறி வந்து, தேயிலைக் கொழுந்துக் கூடையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். கூடையின் வாயில் சாக்கு கட்டியிருந்தது. சாக்கு அசைந்தது. மாமி கதிரையைக் காட்டி, "ஒக்காருங்க. என்ன கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் உள்ளிருந்து ஒரு கத்தல்.

"தொரைங்க. பஸ்ஸுல பூரா இதே சத்தம். கண்டக்டர் இவருக்கும் டிக்கட் போடவான்னு கேட்டான்."

என்னைப் பார்த்து, "'உசுரோட பாக்காம வரையாத'ன்னு ஒங்கிட்ட சொல்லுவாளாமே. ஒன்னால வர ஏலாது. அதான் அவன கொண்டாந்துட்டேன்" என்றார்.

உன் படத்துக்குப் பக்கத்தில் வைக்க அவன் படம் ஒன்று வேண்டுமாம். "அவ போட்டோவுக்கு மால போட்டு வச்சிருக்கேன். பாத்தா அவ மாதிரியே இல்ல புள்ள. இவன் பக்கத்துல இருந்தாத்தான் அவ சிரிப்பா." அவர் அழாமல் சொன்னார். நான்தான் அழுதேன்.

சாக்கை அவிழ்த்ததும் தொரை யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்தான். என் வேலிக்கு முன்னால் ஒரு கணம் நின்றான். பிறகு, வேலி என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் உள்ளே தாவி, என் மேசையில் பென்சில்களை மிதித்து, மறுபக்கம் தாவி ஜன்னல் கட்டையில் ஏறினான். மகன் கைதட்டினான். மாமி, "ஐயோ, முடி கொட்டும், புள்ளைக்கு இழுப்பு வரும்!" என்று பதறினார். அந்தப் பயம் எனக்கும்தான். ஆனால் நான் அசையவில்லை. கம்பிகளின் நிழல் கோடு கோடாக விழ, நடுவில் இருந்த வெயிலில் அவன் முதுகு சிவந்தது. நீ சொன்ன அதே நிறம். பால் விடாத தேத்தண்ணியைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி வெளிச்சத்துக்குப் பிடித்த மாதிரி. உன் போன் படங்கள் ஒன்றிலும் இது இல்லை. இன்னொன்றையும் பார்த்தேன். அவன் இடப்பக்க மீசை அரைகுறையாகக் கருகிச் சுருண்டிருந்தது.

"அடுப்படியில போயி படுப்பான். அவ எந்திரிச்சு தேத்தண்ணி ஊத்துற நேரத்துக்கு அங்க இருப்பான். இப்பயும் போயி படுத்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்றார் உன் அம்மா.

அப்போது தொரை கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டான். பிறகு தோளை. பிறகு முழு உடம்பும் வெளியே. தெருவுக்கு மேலே, ஒரு சாண் அகலச் சுவர் விளிம்பில் வாலை உயர்த்திக்கொண்டு நடந்தான். நான் கத்திவிட்டேன். உன் அம்மா எழும்பக்கூட இல்லை.

"வருவான். தோணுனா போவான், தோணுனா வருவான்."

"குடுத்து வச்சவன்" என்றார் மாமி.

திரும்பிப் பார்த்தேன். மாமி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் அவரும்தான். அவர் கடைசியாகத் தனியே எங்கே போனார் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

தொரை தானாகத் திரும்பி வந்ததும் அவனைக் கூடையில் போட்டுக் கட்டிக்கொண்டு, போகும்போது உன் அம்மா வாசலில் நின்று, "படத்த நீயே கொண்டாந்து வையி. வேற ஆள்கிட்ட குடுத்தனுப்பாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாப்பாட்டு நேரம் இவரிடம் விஷயத்தைச் சொன்னதும், "நானே கொண்டுபோயி குடுத்துட்டு வர்றேன். அந்த மலை ரோட்டு வளைவுல எல்லாம் புள்ளைய இழுத்துக்கிட்டு நீ ஏன் கஷ்டப்படணும்?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டேன்.

அதன் பிறகு சில நாள் வரைய முடியவில்லை. நேற்று ஒருவழியாகக் கண் இரண்டையும் முடித்துவிட்டு, மீசைக்கு வந்தபோது பேனா இல்லை. வீட்டையே புரட்டினேன். வேறு கூரான எதையாவது வைத்து அழுத்தியிருக்கலாம். கை போகவில்லை.

இன்று காலை மாமிக்குத் தேத்தண்ணி ஊற்றிவிட்டு அறைக்குள் வந்தால் பிள்ளையின் சத்தமே இல்லை. சத்தம் இல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், ஜன்னல் பக்கம் என்று ஓடினேன். கடைசியில் பார்த்தால் வேலிக்குள். நான் தாழ் போட மறந்த வழியால் உள்ளே போய், மேசைக்கு அடியில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, உன் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கம்பிகளுக்கு நடுவே பேனாவை நீட்டினான். நீ பிஸ்கட் நீட்டினாயே, அதே மாதிரி, ஆனால் மறுபக்கத்திலிருந்து.

அந்த வேலியை வெளியே நின்று நான் இப்படிப் பார்த்ததே இல்லை. இவ்வளவு சின்னதா அது? எப்படி இத்தனை நாள் அதற்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தேன்?

உடனே உட்கார்ந்து மீசையை அழுத்தினேன். வலப்பக்கம் நீளமாக. இடப்பக்கம் குட்டையாக, நுனி சுருண்டு. மத்தியானம் இவர் கடையிலிருந்து சாப்பிட மேலே வந்தார். சோற்றைப் போட்டுவிட்டு, குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம எல்கடுவைக்குப் போறேன். மகனும் வர்றான்."

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. "எப்ப முடிவு பண்ணுன?"

"இப்ப."

"அந்த வளைவுல புள்ள வாந்தி எடுப்பான்" என்றார் மாமி.

"எடுப்பான் மாமி. தொடச்சுக்குவேன்."

கரண்டி குழம்புச் சட்டியில் இடித்துச் சத்தம் போட்டது. இவர் கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, "பாப்போம்" என்றார். அந்தச் சொல்லுக்கு இந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். ஆனால் நான் ஒன்றும் கேட்கவில்லையே. கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது.

அவர் இறங்கிப் போன பிறகு மாமி அலமாரியைத் திறந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்துக் கட்டிலில் போட்டார். "அங்க குளிரும். காத மூடிக் கூட்டிட்டுப் போ." வாசல் வரை போய்த் திரும்பி, "போறதா இருந்தா" என்றார்.

இப்போது அவன் தூங்குகிறான். எழும்புவதற்குள் கறுப்பை ஏற்ற வேண்டும். அடியில் ஆழ்ந்த சிவப்பும் கபில நிறமும் பூசிவிட்டேன், மேலே எவ்வளவு கறுப்பு வந்தாலும் தேத்தண்ணி தெரியட்டும் என்று. வளைவுகளை நினைக்கிறேன். பஸ் மிதிபலகையை, மழையை, காலில் ஏறும் அட்டைகளை, உன் வீட்டு அடுப்பில் கொதிக்கும் கேத்தலை, அதை நோக்கி நீளும் இவன் கையை. ஞாயிறன்று காலை இவன் மூக்கு ஒழுகலாம். ஒழுகினால் என்ன செய்வேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. வேலி இன்னும் அறையின் நடுவில்தான் நிற்கிறது. நானும் அதற்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் பையை எடுத்து வைத்துவிட்டேன். தொப்பி, துவாய், தண்ணீர்ப் போத்தல், உன் பேனா. உன் அம்மாவுக்கு மூடியைக் காட்டுவேன். எந்தத் தடம் உன்னுடையது, எது இவனுடையது என்று நான் சொல்ல வேண்டியிருக்காது. அவர் தடவிப் பார்க்கட்டும். படத்தை அவருக்குக் கொடுத்துவிடுவேன்.

பேனாவைத் தர மாட்டேன். கேட்டாலும் தர மாட்டேன் என்று சொல்லிவிடுவேன்.