ஆமைப் படம்

என்னங்க,

நீங்கள் கடலுக்கடியில் ஸ்கூபா நீச்சல் முடித்து அறைக்குத் திரும்பும்போது என் பெட்டி இருக்காது. பதினோரு மணிப் படகில் இந்தத் தீவை விட்டுக் கிளம்புகிறேன். என் ரப்பர் நீச்சல் உடுப்பு குளியலறையில் தொங்குகிறது.

முதல் நாளே பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொன்னார்: "தண்ணிக்குள்ள உங்க ஜோடிதான் உங்களுக்கு உயிர். காத்து வரலன்னா, கழுத்தை அறுக்கிற மாதிரி கையை ஆட்டுங்க. அவர் தன்கிட்ட இருக்கிற இன்னொரு காத்துக் குழாயைக் கொடுப்பார்." நீங்கள் பெரிதாகத் தலையாட்டினீர்கள்.

நேற்றுக் காலை காற்று வராமல் கையை அப்படி ஆட்டினேன். இரண்டு முறை. ஆமையைப் படம் பிடித்துக்கொண்டே, 'இரு' என்று உள்ளங்கையைக் காட்டினீர்கள். பயிற்சியாளர்தான் நீந்தி வந்து குழாயைத் தந்தார்.

ஆமை மேலிருந்த கவனத்தில் உங்களுக்குப் புரியவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மதியச் சாப்பாட்டில் பக்கத்து மேசைக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி இளித்தீர்கள்.

பிறகு என் பக்கம் சாய்ந்து சொன்னீர்கள்: "ஓரத்துல உன் கை வந்து கெடுத்துடுச்சு. பரவால்ல, கையை மட்டும் அழிச்சுட்டேன்."

என் கழுத்துக்கு நேராக இருந்த கை அது.

இப்படிக்கு,
ஆமைக்குப் பக்கத்தில் இருந்தவள்